பிரேக் மேஸ்திரி குதிரை ஏறினார்

சக்கரத்தின் ஒவ்வொரு நட்டையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறார். இறுகிய நட்டு கணீரென்று பதில் சொல்லும். தளர்ந்தது தொண்டை கட்டியவன் மாதிரி முனகும். மேலே ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார், விடுகிறார், மறுபடியும் மிதிக்கிறார். மேஸ்திரி வண்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி, காற்றுக் குழாய்களின் ஓரமாக நின்று, எங்காவது உஸ்ஸென்று கசிகிறதா என்று கேட்கிறார். பிறகு மேலே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இரண்டில் ஒரு சொல்லைச் சொல்கிறார். "போகலாம்." அல்லது, "போகாது."

இந்த இரண்டு சொல்லுக்கும் அவர் குரலில் மேடு பள்ளம் கிடையாது. சந்தோஷமாக ஒரு "போகலாம்", சலிப்பாக ஒரு "போகலாம்" என்று அவரிடம் வகை இல்லை. அந்தத் தட்டையான குரலுக்குப் பேருந்துப் பணிமனையில் இருக்கும் மதிப்பு மேலாளரின் கையெழுத்துக்குக்கூட இல்லை. வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்க வேண்டிய ஓட்டுநர்கள், "மேஸ்திரி சொல்லிட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகுவார்கள்.

உயரம் என்றால் அப்படியொரு உயரம். அதற்கு வேண்டிய சதையை யாரோ பாதியில் போதும் என்று நிறுத்திவிட்ட மாதிரி உடம்பு. கன்னம் ஒட்டி, தாடை நீண்டு, கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். குழிக்குள் இறங்கும்போது தச்சரின் மடக்கு அளவுகோல் போல இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று என மடிந்து காணாமல் போவார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களுக்கு அவர் பிரேக் மேஸ்திரி, அவ்வளவுதான்.

வண்டிக்குச் சொல்லும் தீர்ப்பை வண்டியோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாதவர் என்பதுதான் அவரிடம் உள்ள சிக்கல். பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கி வீடு கட்டி முடித்துவிட்டுப் பெருமையோடு அழைத்துப் போய்க் காட்டினார். மேஸ்திரி மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, "படி அகலம் பத்தாது. வயசான காலத்துல விழுவீங்க" என்றார். ஒரு முறை மேலாளர் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கி வந்து, "எப்படி மேஸ்திரி பேச்சு?" என்று ஆசையாகக் கேட்டார். "பாதியிலேயே முடிஞ்சிருச்சு சார். நீங்க மீதியையும் பேசிட்டீங்க" என்று பதில் வந்தது.

யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது "போறேன்" என்பார். "போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்று மனைவி முழங்கையால் இடிப்பார். "திரும்பி வர்ற உத்தேசம் இல்லையே" என்பார், அந்த வீட்டுக்காரர் காதுபடவே.

இதில் அவருக்குக் கெட்ட எண்ணம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. யாரையும் மட்டம் தட்டும் ஆசையும் கிடையாது. யாராவது முகம் சுளித்தால் உண்மையிலேயே குழம்பிப் போவார். "இருக்கிறதைத்தானே சொன்னேன்? பிரேக்குக்கு முகதாட்சண்யம் தெரியுமா?" என்று கேட்பார். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அவரைக் கையோடு கூட்டிப் போவார்கள். கல்யாண ஆல்பத்தை மட்டும் அவர் வரும்போது உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள்.

அவருடைய மனைவி மழலையர் பள்ளியில் உதவியாளர். காலையிலிருந்து சாயங்காலம் வரை வேறொரு உலகத்தில் இருந்துவிட்டு வருகிறவர். "இன்னிக்கு எங்க கிளாஸ்ல ஒரு புலி, ரெண்டு யானை, ஒரு ஆகாய விமானம்" என்று வந்ததும் சொல்வார். "புலியைப் புலின்னு கூப்பிட்டாத்தான் சாப்பிடுது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வாயை மூடிக்குது."

"அது புள்ளைதானே?"

"அதுக்கும் தெரியும் அது புள்ளைன்னு. நமக்கும் தெரியும். சாப்பாடு உள்ள போகணுமா இல்லையா?"

மேஸ்திரிக்கு இந்தக் கணக்கு பிடிபட்டதே இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மேசை வேலையில் இருந்தவள், ஒரு நாள் அதை விட்டுவிட்டு மெல்லிசைக் குழுவில் பாடகியாகச் சேர்ந்தாள். அப்பா தடுக்கவில்லை. "பாட்டு வேலைதானே, செய்" என்றார். அவளுக்கு முதன்முதலாகப் பெரிய மேடை கிடைத்தது ஒரு திருமண வரவேற்பில். கூட்டத்தில் அவளுடைய பெற்றோர் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்த அறிவிப்பாளர், மைக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, "மகள் பாடினதைப் பத்தி அப்பா ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றார். மேஸ்திரி எழுந்து மைக்கை வாங்கினார். மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது பலனளிக்கவில்லை.

"மேல போற இடத்துல சுருதி இறங்குது. பயிற்சி பத்தாது" என்றார். ஏதோ விட்டுப்போன மாதிரி யோசித்து, "டிரெஸ் நல்லா இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் நகைச்சுவை செய்வதாக நினைத்துச் சபை மொத்தமும் சிரித்தது. மேடையில் நின்றவளும் சிரித்தாள். மிச்சம் இருந்த பாட்டுகளையும் பாடினாள். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். கதவருகே நின்ற அப்பாவிடம், "பொய் சொல்லச் சொல்லலைப்பா. மைக்கை வாங்காம இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். ஊரின் மறுகோடியில் ஒரு தோழியின் அறைக்குக் குடி போனாள்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் வீட்டுத் தொலைபேசியில் அப்பாவுக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்தான்: "அம்மாகிட்ட குடுங்க." கொடுத்துவிட்டு அவர் அங்கேயே நிற்பார். இந்தப் பக்கத்துப் பேச்சை வைத்து அந்தப் பக்கத்தை ஊகிப்பார். மனைவி வைத்ததும், "சளி பிடிச்சிருக்கு போல" என்பார். மகளுக்குச் சளி பிடித்திருந்ததை மனைவியே கவனித்திருக்க மாட்டார். அந்த ஒரே வாக்கியத்திலேயே பிடித்துவிடும் அத்தனை கூர்மையான காது. மேடையில் சுருதி இறங்கியதும் உண்மைதான், அதுதான் கொடுமை.

பணிமனையின் கணக்குப் பிரிவில் ஒரு கிளார்க் இருக்கிறார். படிப்புப் பைத்தியம். ஸ்பெயின் தேசத்தில் நானூறு வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட ஒரு தலையணை அளவு நாவலைத் தமிழில் படித்துவிட்டு, அதைப் பணிமனை ஆண்டு விழாவுக்கு நாடகமாக்கியே தீருவது என்று முடிவு செய்தார். வீரக் கதைகளாகப் படித்துத் தள்ளி, தன்னையே ஒரு மாவீரன் என்று நம்பி, துருப்பிடித்த கவசமும் நோஞ்சான் குதிரையுமாக வீட்டைவிட்டுக் கிளம்பிவிடும் ஒரு கிழவரின் கதை அது. காற்றாலைகள் அவர் கண்ணுக்கு அரக்கர்கள். அடுத்த ஊர்ச் சாதாரணப் பெண் அவர் மனத்தில் மகாராணி. கழுதையில் கூடவே வரும் குண்டு உதவியாளன், "ஐயா, அது காற்றாலை" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து போவான்.

குண்டு உதவியாளனுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தொப்பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குள் முன்னும் பின்னும் போய்வரும் ஒரு கண்டக்டர் இருந்தார். கிழவருக்குத்தான் ஆள் இல்லை. ஒரு நாள் கிளார்க் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் வந்தபோது, குழிக்குள்ளிருந்து கிரீஸ் அப்பிய முகத்தோடு, கையில் சுத்தியலோடு, ஒரு நெட்டை உருவம் மடிப்பு மடிப்பாக விரிந்து மேலே வந்தது. கிளார்க் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"மேஸ்திரி, நீங்கதான்" என்றார்.

"என்ன நான்தான்?"

கிளார்க் விஷயத்தைச் சொன்னார். மேஸ்திரி கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லாததை இருக்குன்னு சொல்ற வேலை எனக்கு வராது சார்" என்று அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார்.

கிளார்க் விடாமல் வீட்டுக்கே வந்தார். மேஸ்திரி மறுபடியும் தலையை ஆட்டும் முன்பே மனைவி குறுக்கிட்டார். "ஏங்க, வீட்டுலதான் பேச்சு செத்துப்போச்சு. மேடையிலயாவது போய் நாலு வார்த்தை பேசுங்களேன்." மேஸ்திரி தலையை ஆட்ட மறந்துவிட்டதால், அதுவே சம்மதம் என்று ஆகிவிட்டது.

பணி நேரம் முடிந்ததும் டயர்க் கிடங்கில் ஒத்திகை. பிளைவுட் பலகையில் பழைய ரேடியேட்டர் விசிறி இதழ்களை அறைந்து காற்றாலை செய்திருந்தார்கள். டயர் ஏற்றும் தள்ளுவண்டிக்கு அட்டையில் ஒரு தலை வைத்ததும் அது குதிரை. மேஸ்திரி முதல் காரியமாக அந்தக் குதிரையைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்து, "போகாது" என்றார். கிரீஸ் தடவி, ஒரு சக்கரத்தை மாற்றிய பிறகுதான் ஏறினார்.

"அதோ பார், அரக்கர்கள்" என்பது அவருடைய முதல் வசனம். அதைப் பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்டவருக்குக் கையைக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

"மேஸ்திரி, உங்க கண்ணுக்கு அரக்கன் தெரியணும்" என்றார் கிளார்க்.

"பிளைவுட்தான் தெரியுது சார்."

"அண்ணே, மேனேஜரை நினைச்சுக்குங்க" என்று கண்டக்டர் உதவிக்கு வந்தார்.

"அவர் நல்ல மனுஷன். பேச்சுதான் நீளம்."

கிளார்க் தலையில் கையை வைத்துக்கொண்டார். மறுநாள் அந்தத் தடித்த புத்தகத்தையே கொண்டுவந்து மேஸ்திரி கையில் கொடுத்தார். ஆளைத் தெரிந்துகொண்டாலாவது வசனம் வருமா என்ற நப்பாசைதான்.

மேஸ்திரி மதிய இடைவேளையில் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு படித்தார். எண்ணெய்க் கை படாமல் இருக்கப் பக்கங்களை ஒரு காகிதத் துண்டால் புரட்டினார். அவருக்கு உதவியாளனைத்தான் பிடித்திருந்தது. "அவன்தான் சரியாச் சொல்றான். அவனைப் பார்த்து எதுக்குச் சிரிக்கணும்?" என்று கண்டக்டரிடம் சொன்னார். தன் பாத்திரம்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டக்டருக்குப் பெருமையாக இருந்தது. கிழவர் மீது மேஸ்திரிக்கு முதலில் கோபம்தான். பிறகு வேறு ஏதோ ஆனது. "அடி வாங்கிக்கிட்டே இருக்கார் சார். பல்லு போச்சு. விலா போச்சு. ஊர்ல ஒரு ஆளாவது நிறுத்தக் கூடாதா?" என்று கிளார்க்கிடம் ஒரு நாள் முறையிட்டார். முதலில் கிழவரை 'அவன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது 'அவர்' என்பதைக் கிளார்க் கவனித்தார்.

புத்தகத்தின் தொடக்கத்தில் வரும் ஓர் இடத்தை மட்டும் மேஸ்திரியால் தாண்டிப் போகவே முடியவில்லை. கிழவர் தலைக்கவசத்தில் குறைந்த பகுதியை அட்டையில் செய்து ஒட்டுகிறார். தாங்குமா என்று பார்க்க வாளால் ஒரு வெட்டு வெட்டுகிறார். செய்ததெல்லாம் ஒரே அடியில் நாசம். மறுபடியும் உட்கார்ந்து, உள்ளே இரும்புப் பட்டைகள் வைத்துச் செய்கிறார். இந்தத் தடவை வெட்டிப் பார்க்கவில்லை. நல்ல கவசம் என்று அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்.

"ரெண்டாவது தடவை ஏன் சோதிக்கலை?" என்று மேஸ்திரி பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். "முதல் தடவை உடைஞ்சதைக் கண்ணால பார்த்த மனுஷன். எப்படிச் சோதிக்காம இருக்க முடியும்?"

கிளார்க் கற்பனை, யதார்த்தம், இலட்சியம் என்று கொஞ்ச நேரம் விளக்கினார். "அதெல்லாம் சரி சார். ஏன் சோதிக்கலை?" என்றார் மேஸ்திரி.

வீட்டிலும் அதையே சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே படித்ததைச் சொல்லும் பழக்கம் எப்படியோ வந்திருந்தது. மனைவிக்கும் அந்தக் கதை பிடித்துப் போயிற்று. "இன்னிக்கு யார்கிட்ட அடி வாங்கினார்?" என்று அவரே ஆரம்பிப்பார். தலைக்கவச விஷயத்தைக் கேட்ட அன்று மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாடகத்தில் ஒரு பாட்டு உண்டு. கிழவர் மனத்தில் வைத்திருக்கும் மகாராணி மேடைக்கு வருவதே இல்லை. அவள் குரல் மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும். பாட ஆள் கிடைக்காமல் கிளார்க் அலைந்துகொண்டிருந்தது மேஸ்திரியின் மனைவி காதுக்கு எட்டியது. அவர் கணவரிடம் மூச்சு விடாமல் மகளிடம் பேசினார். மகள் நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "அவர்கூடப் பேசச் சொல்லக் கூடாது. பாடிட்டுப் போயிடுவேன்."

கடைசி ஒத்திகைக்கு வந்தபோதுதான் மேஸ்திரிக்கே தெரிந்தது. கிடங்கின் வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். முன்னைவிட மெலிந்திருந்தாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவர் கையிலிருந்த மூங்கில் ஈட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு டயருக்குள் செருகினார். அவள் கிளார்க்கைப் பார்த்து மட்டும் தலையசைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள்.

பாட்டு முடிந்ததும் அவர் சொல்ல வேண்டிய வசனம் இது: "இந்தக் குரலுக்கு ஈடு இந்த உலகத்தில் இல்லை. இதை மறுப்பவன் எவனோ, அவன் என் முன்னால் வரட்டும்."

அவள் பாடினாள். மேலே போகும் இடத்தில் குரல் கொஞ்சம் வழுக்கியது. அவர் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வசனத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அவர் வாயைத் திறந்து, மூடி, கிளார்க் பக்கம் திரும்பினார்.

"சார், இந்த வரியை எடுத்துடலாமா?"

திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. கிளார்க் தடுமாறி, "இந்த வரி இல்லேன்னா நாடகமே இல்லை மேஸ்திரி" என்றார். அதற்குள் மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக வெளியே போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் ஏற்கெனவே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"அவளைக் கேலி பண்றேன்னு நினைப்பாளேன்னுதான் எடுக்கச் சொன்னேன்" என்றார் மேஸ்திரி. "நான் என்ன நினைக்கிறேன்னு அவளுக்குத் தெரியும். அப்புறம் அந்த வரியைச் சொன்னா அது கேலிதானே?"

மனைவி ஒரு தலையணை உறையை உதறி, மூலைகளைச் சேர்த்தார்.

"அந்த அட்டைக் கவசக்காரர் ஏன் ரெண்டாவது தடவை வெட்டிப் பார்க்கலைன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல?"

"ஆமா."

"உடைஞ்சிடும்னு அவருக்குத் தெரியும். அதான் வெட்டலை."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். "அப்போ அவருக்குப் பைத்தியம் இல்லைங்கிறியா?"

"அதை வெச்சுக்கிட்டுத்தானே வெளிய கிளம்பணும். வேற கவசம் ஏது அவர்கிட்ட?" மடித்த உறையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "நாங்க தினமும் புலிக்குச் சோறு ஊட்டுறோம். உங்களுக்கு இது புரியலையாக்கும்."

மேஸ்திரி எழுந்து வந்து, எதிரில் உட்கார்ந்து, துணிகளை மடிக்க ஆரம்பித்தார். அவர் மடித்தது எதுவும் சதுரமாக வரவில்லை. மனைவி அவற்றைப் பிரித்து மறுபடி மடிக்காமல் அப்படியே அடுக்கினார். "நாளன்னைக்கு வருவாளா?" என்று அவர் கேட்டார். "வாக்குக் குடுத்துட்டேன், வருவேன்னு சொன்னா. முடிஞ்ச நிமிஷம் கிளம்பிடுவாளாம்."

ஆண்டு விழா மாலையில் பராமரிப்புக் கொட்டகையைக் காலி செய்து, எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். ஓட்டுநர்கள், கண்டக்டர்கள், பட்டறை ஆட்கள், அவர்களுடைய குடும்பங்கள் என்று கொட்டகை நிரம்பி வழிந்தது. மேஸ்திரிக்கு வெள்ளைத் தாடி ஒட்டியிருந்தார்கள். ஒப்பனைப் பெட்டியில் இருந்த பசை காய்ந்து போயிருந்ததால், ஒப்பனைக்காரர் பட்டறையில் ரப்பர் ஒட்டும் பசையைக் கொஞ்சம் வாங்கித் தடவிவிட்டார். மண்டையில் நசுங்கிய ஒரு விளக்கு மூடி. மார்பில் தகரம்.

அவர் தள்ளுவண்டிக் குதிரையில் மேடைக்கு வந்ததுமே சிரிப்பு கொட்டகைக் கூரையில் மோதியது. கண்டக்டர் பின்னாலேயே தொப்பையைக் குலுக்கிக்கொண்டு ஓடிவந்தார். மேஸ்திரி அன்றைக்கும் பெரிய நடிகராகிவிடவில்லை. ஆனால் "அதோ பார், அரக்கர்கள்" என்றபோது, பிளைவுட்டைப் பார்க்காமல் அதற்கு மேலே எங்கோ பார்த்தார். ஈட்டியோடு பாய்ந்து, விசிறி இதழில் மாட்டி, குதிரையோடு கவிழ்ந்தார். "ஐயா, அது காத்தாலைன்னு சொன்னேனே" என்று கண்டக்டர் அவரைத் தூக்கி நிறுத்தியபோது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு விளக்கைக் குறைத்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது.

மேஸ்திரி ஈட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அடிவயிற்றில் ஆரம்பித்து நிதானமாக ஏறிய குரல் அது. ஒரு வருடத்தில் எங்கோ யாரிடமோ பயிற்சி எடுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. மூச்சு முன்பு போல நடுவில் அறுபடவில்லை. மேலே போகும் இடம் வந்தது. அங்கே குரல் ஒரு மயிரிழை இறங்கியது. கொட்டகையில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. அவர் காதுக்குத் தப்பவில்லை. கேட்டார், கேட்டுக்கொண்டே நின்றார்.

பாட்டு முடிந்தது. கண்டக்டர் தொண்டையைக் கனைத்து, வாய்க்குள்ளேயே "இந்தக் குரலுக்கு" என்று எடுத்துக் கொடுத்தார். திரையின் ஓரத்தில் ஒரு செருப்பு நுனி தெரிந்தது, அது அசையவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"இந்தக் குரலுக்கு ஈடு இந்த உலகத்தில் இல்லை" என்றார் மேஸ்திரி.

கிளார்க் அந்த வசனத்தை முழங்கச் சொல்லியிருந்தார். அவர் முழங்கவில்லை. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொல்வாரே, அந்தக் குரல். "இதை மறுப்பவன் எவனோ, அவன் என் முன்னால் வரட்டும்."

சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்த கூட்டம் சிரிக்கவில்லை. அந்தக் குரலை நம்பித் தினமும் மலையிறங்கும் ஓட்டுநர்கள் கொட்டகை நிறைய இருந்தார்கள். யாரும் மறுக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் மெல்லக் கையைத் தட்ட, அது முன்னால் வரை பரவியது. அடுத்த வசனத்தைச் சொல்ல வேண்டிய கண்டக்டர், சொல்வதை மறந்து தானும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்து, மேலாளர் பேச்சு தொடங்கியிருந்தது. டயர்க் கிடங்கில் ஒரு தலைகீழ் வாளியின் மேல் மேஸ்திரி தனியாக உட்கார்ந்திருந்தார். தகரக் கவசத்தைக் கழற்றிவிட்டார். தாடிதான் வரவில்லை. நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்து, கையை எடுத்துவிட்டார். ஒப்பனைக்காரர் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார் என்று கேள்வி.

வாசலில் நிழல் விழுந்தது. மகள் தோளில் கைப்பையோடு நின்றாள். கிளம்பிக்கொண்டிருந்தவள்தான். அவரையும் தாடியையும் ஒரு நிமிடம் பார்த்தாள். பையைக் கழற்றி ஒரு டயரின் மேல் வைத்தாள். மூலையில் இருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, பிழிந்து, அவர் முன்னால் வந்து குனிந்தாள்.

"எதைப் போட்டு ஒட்டினாங்க?"

"ரப்பர் சொல்யூஷன்."

"அது சரி" என்றாள். காதோரத்தில் துணியை ஒற்றி ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க ஆரம்பித்தாள். வெளியே ஒலிபெருக்கியில் மேலாளர் பணிமனையின் வளர்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேல போற இடத்துல இறங்குச்சுல்ல?" என்று மகள் கேட்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி சுவரைப் பார்த்தார்.

"கவனிக்கலைம்மா."

அவள் கை நின்றது. "நீங்களா?"

"ம்."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். அழப் போகிறாளா, சிரிக்கப் போகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு முகம். பிறகு துணியை மறுபடி நனைத்துக்கொண்டு வந்து, தாடையின் அடியில் நன்றாகப் பிடித்திருந்த இடத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். தோலும் கூடவே எழும்பி வந்தது. அவர் கண்ணில் நீர் முட்டியது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல" என்றார் மேஸ்திரி. அடுத்த கன்னத்தை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.